மூன்றரை கிராம் குண்டு

தருமபுரி, மாணவியர் விடுதி
19 ஜனவரி 2025

அன்புள்ள ஜமீர் மாமுவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் புத்தாண்டுக்கு மறுநாளே வந்துவிட்டது. பதில் போட இரண்டு வாரத்துக்கு மேல் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை, படிப்பு. கடையில் காட்டிய நான்கு துப்பாக்கிகளில் எதை வாங்குவது, ஒரு வரியில் பதில் போடு என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வரியில் முடியாது.

முதலில் நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். உங்களுக்கு வீடு கொடுத்திருக்கும் டக்ளஸ் கிழவரின் கிழங்குக் காட்டில், மலையிலிருந்து சிவப்பு மான்கள் இறங்கி மேய்கின்றன. நியூசிலாந்தில் மான் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மிருகம் என்பதால் சுடுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. குளிர்காலத்துக்குள் மூன்று பெண் மான்களைச் சுட, கிழவர் மேட்டுக்குப் போகிற வேலிக் கதவின் சாவியை உங்களிடம் கொடுத்திருக்கிறார். ஒரே நிபந்தனை, அடிபட்ட மானைக் காட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது. விட்டால் சாவி போய்விடும்.

மாவட்ட மைய நூலகத்தில் துப்பாக்கி பற்றி ஒரே ஒரு ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது. அதில் பாதி பீரங்கி. வேண்டிய மற்ற விவரங்களைக் கம்ப்யூட்டர் லேபில் சென்னப்பன் சார் அச்செடுத்துக் கொடுத்தார். "எதுக்குப் பாப்பா இது?" என்றார். "மாமா நியூசிலாந்துல இருக்கறாரு சார்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

உங்கள் பட்டியலில் முதலாவது .223. அதன் குண்டு மூன்றரை கிராம். முயலுக்குச் சரி. இரண்டாவது .243. குண்டு ஆறரை கிராம், சின்ன மானுக்குச் சரி. நூறு கிலோ சிவப்பு மானுக்கு என்றால் கைதேர்ந்தவர்கள் மட்டும் எடுக்கலாமாம். மூன்றாவது 7 எம்எம்-08, குண்டு ஒன்பது கிராம். நான்காவது .300 மேக்னம், பன்னிரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. பெரியது நல்லது என்று நினைப்பீர்கள். இல்லை. எங்கள் பிளஸ் ஒன் புத்தகத்தில் உந்தம் மாறா விதிக்கு உதாரணமே துப்பாக்கிதான். குண்டு முன்னால் போகிற வேகத்துக்குத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். நீங்கள் ஐம்பத்தாறு கிலோ. இரண்டு முறை தோளில் வாங்கிய பிறகு மூன்றாவது முறை விசையைத் தொடும்போதே கண்ணை மூடிக்கொள்வீர்கள்.

இயக்க ஆற்றல் கணக்கும் போட்டேன். முதலாவது சுமார் 1,700 ஜூல். மூன்றாவது 3,300. துப்பாக்கி என்று சொல்லாமல் எண்ணை மட்டும் இயற்பியல் ராஜாமணி சாரிடம் காட்டினேன். சரி என்றார்.

இன்னொன்று. அளவைவிடக் குண்டின் முனை முக்கியம். முழுக்கச் செப்பு உறை போட்ட குண்டு ஊசி மாதிரி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்துவிடும். முனையில் ஈயம் தெரிகிற மென்முனைக் குண்டு உள்ளே போனதும் மொட்டு விரிவது போல விரியும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலும் இதயமும் இருக்கும் இடத்தில் அது பட்டால் மான் சில நொடிகளில் விழுந்துவிடும்.

ஆகவே 7 எம்எம்-08, ஒன்பது கிராம் மென்முனை. இதுதான் என் ஒரு வரி.

உங்கள் அக்காவிடம் பேச முயன்றீர்களா? நீங்கள் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்த செய்தி தெரிந்ததிலிருந்து உங்கள் பெயரைச் சொன்னாலே அம்மி தையல் மெஷினை வேகமாக மிதிக்கிறார். உங்கள் போனை எடுக்கவே கூடாது என்று அப்பாவிடமும் சொல்லியிருக்கிறார். விடுதியில் எனக்குப் போன் கிடையாது. அதனால் கடிதம்தான்.

உங்கள்
அல்மாஸ்


சவுத்லாந்து, நியூசிலாந்து
8 பிப்ரவரி 2025

அல்மாஸ் டீச்சரம்மாவுக்கு,

வ அலைக்கும் சலாம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் அது வருவதற்கு மூன்று நாள் முன்னாலேயே வாங்கிவிட்டேன். .223. செப்பு உறை போட்ட குண்டு.

கோபப்படாதே. படித்த நீ ஒன்றை மறந்துவிட்டாய். மான் செத்து விழுந்தால் எனக்கு என்ன பிரயோஜனம்? உயிரோடு விழ வேண்டும். நான் ஓடிப் போய் பிஸ்மில்லா சொல்லிக் கத்தியை வைக்க வேண்டும். இங்கே மீட் பிளான்ட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டுக்குக் கத்தி வைக்கிறேன், தெரியுமா? எல்லாம் ஹலால் முத்திரையோடு கப்பலேறிப் போகிறது. என் வீட்டுச் சட்டியில் மட்டும் செத்த மானைப் போட்டு வேகவைக்கவா? மொட்டு விரிகிற குண்டு, பூ பூக்கிற குண்டு எல்லாம் உன் புத்தகத்தோடு இருக்கட்டும். எனக்கு ஒரு சின்ன ஓட்டை போதும். மான் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. உன் நானா, அதாவது என் அப்பா, தொப்பூர் காட்டில் நாட்டுத் துப்பாக்கியில் வெடிமருந்து இடித்து நிரப்பும்போது அரை அளவுதான் போடுவார். மேலே குண்டுக்குப் பதிலாக நாலு சைக்கிள் பால்ஸ். "சாவடிக்காதடா ஜமீரு, உக்கார வெச்சா போதும், மீதிய கத்தி பாத்துக்கும்" என்பார். பத்து வருஷம் அப்படித்தான் கறி கொண்டுவந்தார். அவர் எந்தக் கணக்கும் போடவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். கட் பண்ணிவிட்டாள். நான் யாரையும் கொல்லவில்லை என்று சொல். லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறேன், வாழ்க்கையில் நான் பாஸ் பண்ணிய ஒரே பரீட்சை அது என்றும் சொல்.

ஜமீர்


தருமபுரி, மாணவியர் விடுதி
24 பிப்ரவரி 2025

ஜமீர் மாமுவுக்கு,

வாங்கிவிட்ட பிறகு எதற்கு என்னைக் கேட்டீர்கள்? அரையாண்டுத் தேர்வு விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த வாரத்தில் நான் வேதியியலை விட்டுவிட்டு உங்கள் மானுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான்கில் எது முயலுக்குத்தான் சரி என்று எழுதினேனோ அதையே வாங்கியிருக்கிறீர்கள். எந்தக் குண்டு கூடாது என்றேனோ அந்தக் குண்டு. என் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தால்கூட இவ்வளவு சரியாகத் தப்புச் செய்ய முடியாது.

உங்கள் கடிதத்தால் இங்கே நடந்ததையும் கேளுங்கள். எங்கள் வார்டன் சுகுணா மேடம் வெளிநாட்டுத் தபாலைப் பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்பார். மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் கூப்பிட்டார்.

"என்னா அல்மாஸ் இது? குண்டுங்குது, மருந்துங்குது, கத்திய வெக்கணும்ங்குது. யாரு இவரு?"

"என் மாமு மேடம். ஆடு அறுக்கறாரு."

"ஆடு அறுக்கறவருக்கு எதுக்குத் துப்பாக்கி?"

"மானுக்கு மேடம்."

பக்கத்தில் நின்ற தமிழ்மணி சிரிப்பை அடக்க முடியாமல் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். உங்கள் நாட்டில் அது குற்றம் இல்லை என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. கடைசியில் மேடம், "சரி, அவருகிட்ட பெரிய குண்டா வாங்கச் சொல்லு. பாவம், மானு" என்றார். எங்கள் வார்டனுக்குக்கூடத் தெரிகிறது மாமு.

நானா கணக்குப் போடவில்லை என்கிறீர்கள். நானா சுட்டது முப்பது அடி தூரத்தில் புதருக்குள்ளிருந்து, நம் ஊர்ப் புள்ளிமானை. அங்கே திறந்த மேட்டில் நூறு மீட்டருக்குக் கிட்டே போக முடியாது என்று நீங்களே எழுதினீர்கள். நூறு கிலோ மான் நூறு மீட்டர் தூரத்தில் ஊசிக் குத்து வாங்கினால் உட்காராது. ஓடும். அதற்கு நான்கு கால், உங்களுக்கு இரண்டு. உங்கள் திட்டம் ஓட்டப் பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தால்தான் நடக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பிளான்ட்டில் தலையில் கரண்ட் வைத்து ஆட்டை மயக்கிய பிறகுதான் கத்தி வைக்கிறோம், ஒரு ஆடு துடித்தாலும் கையைத் தூக்கி லைனை நிறுத்துவேன் என்று போன வருஷம் பெருமையாக எழுதினீர்கள். ஆட்டுக்கு ஒரு நியாயம், மானுக்கு ஒரு நியாயமா?

தயவுசெய்து அதை வைத்துச் சுடாதீர்கள். திருப்பிக் கொடுங்கள்.

மார்ச் 27 அன்று தேர்வு முடிகிறது. அதற்குப் பிறகு நல்லம்பள்ளி வீட்டு முகவரிக்குப் போடுங்கள். அம்மி கண்ணில் படாமல் தபால்காரர் கோவிந்தன் அண்ணனிடம் நானே வாங்கிக்கொள்கிறேன்.

அல்மாஸ்


சவுத்லாந்து
16 மார்ச் 2025

அல்மாஸ்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் புதன்கிழமை சுட்டுவிட்டேன். எப்போதும் தபால் பிந்தியே வருகிறது. அது என் தப்பு இல்லை.

காலை எட்டு மணி. நல்ல வெளிச்சம். பெரிய பெண் மான், கூட ஒரு குட்டி. நூற்றிருபது மீட்டர் இருக்கும். பிஸ்மில்லா சொல்லித்தான் சுட்டேன். பட்டது. பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. மான் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. கத்தியை உருவிக்கொண்டு ஓடினேன். பாதி தூரம் போனதும் அது திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு மேட்டில் ஏறிப் போயே போய்விட்டது. ஓடை வரைக்கும் ரத்தம் இருந்தது. அப்புறம் இல்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் தேடினேன். மதியம் ஷிஃப்ட், போக வேண்டியிருந்தது.

கிழவரிடம் சொல்லவில்லை. அடுத்த நாளும் தேடிவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை அவரே பார்த்துவிட்டார். மான் தொடையை இழுத்துக்கொண்டு அவருடைய கிழங்குக் காட்டில் நின்றிருக்கிறது. என் கதவைத் தட்டி, கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் பேசினார். "அதை முடித்துவிட்டு வந்தால் மற்றதைப் பேசலாம். அதுவரைக்கும் என்னிடம் கேட்டுக் கதவைத் திற." அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் சொன்னேனே என்று நீ எழுதப்போகிறாய். எழுது. அதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல். உன் பெரிய குண்டால் சுட்டால் நான் போய்ச் சேர்வதற்குள் அது செத்துவிடும். அப்போது அது ஹராம். சின்னதால் சுட்டால் ஓடிவிடும். நான் என்னதான் செய்ய? புத்தகத்தில் இருந்தால் பார்த்துச் சொல். இல்லாவிட்டால் சும்மா இரு.

ஜமீர்


நல்லம்பள்ளி
6 ஏப்ரல் 2025

மாமுவுக்கு,

நான் சொன்னேனே என்று எழுதவில்லை. நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்துவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு என் புத்தகங்களில் பதில் இல்லை. அதனால் ஈத் முடிந்த மூன்றாம் நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டு, "நீயே கேளு, எனக்கு ட்யூபு பஞ்சர் ஒட்டத்தான் தெரியும்" என்றுவிட்டார். நான் நோட்டைப் பார்த்துக் கேட்டேன். தொழுகை நடத்தும் ஹஜ்ரத் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

"துப்பாக்கியில செத்ததப் பத்தி மார்க்கம் படிச்ச ஆலிம்களுக்குள்ள ரெண்டு கருத்து இருக்குதும்மா. கத்தி படறதுக்கு முன்ன உசுரு போயிட்டா சாப்பிட வேணாம்னுதான் நாங்க சொல்லுவோம். ஆனா அறுக்கறதுக்காக அரைகுறையா சுடுன்னு எந்தக் கிதாப்லயும் இல்ல. அறுக்கறவன் கத்திய நல்லா தீட்டிக்க, பிராணிக்கு வேதன குடுக்காதன்னுதான் இருக்குது. உங்க மாமு கத்திய தீட்டிட்டு, குண்ட மழுங்கடிச்சிட்டாரு."

பிறகு என்னையே ஒரு கேள்வி கேட்டார். "அவருக்குக் கறி வேணுமா, இல்ல கிழவர் காட்டுல மான் வரக் கூடாதா? அத மொதல்ல கேளு."

ஆகவே கேட்கிறேன். இரண்டும் ஒரே குண்டில் கிடைக்காது மாமு. இத்தனை நாளும் நீங்கள் தேடியது மானைக் கொல்லவும் கூடாது, விடவும் கூடாது என்கிற குண்டு. அப்படி ஒன்றை யாரும் செய்வதில்லை. பிளான்ட்டில் உங்களுக்குக் கறியே கிடைக்காமலா இருக்கிறது?

இன்னொரு செய்தி. கோவிந்தன் அண்ணன் உங்கள் கடிதத்தை அம்மி கையிலேயே கொடுத்துவிட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் அம்மி அதைப் படித்து முடித்துவிட்டு, பாதி தைத்த ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடவில்லை. திட்டப்போகிறார் என்று நின்றேன். திட்டவில்லை.

"ஒங்க நானா ஏன் மாட்டுனாருன்னு தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன்.

"துப்பாக்கி சத்தம் கேட்டு பாரஸ்ட்காரங்க வந்தாங்க. கூடப் போனவங்கல்லாம் ஓடிட்டாங்க. இவரும் ஓடியிருந்தா தப்பிச்சிருப்பாரு. மானு அரை உசுரா கெடந்துச்சி. அத அறுக்காம வர முடியலன்னு கத்திய எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போனாரு. கையில கத்தியோடதான் புடிச்சாங்க. ஜெயிலு, கேஸு, கறிக்கடை போச்சி. எல்லாம் அந்த அரை அளவு மருந்தால. முழுசா போட்டிருந்தா மானும் அங்கயே செத்திருக்கும், இவரும் வூடு வந்திருப்பாரு."

"அந்த மான் செத்துச்சா அம்மி?"

"எனக்கென்னா தெரியும். ஜமீரக் கேளு. பதினாலு வயசுல அவன்தான் கூடப் போயிருந்தான். வந்தவன் வாயத் தொறக்கல."

அம்மிக்குத் துப்பாக்கி மேல் கோபம் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இது தெரிந்திருந்தால் முதல் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். இந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் நேரத்துக்குச் சொல்வதே இல்லை.

அந்தத் தாய் மான் இன்னும் நடக்கிறதா? குட்டி கூடவே இருக்கிறதா? எழுதுங்கள்.

அல்மாஸ்


சவுத்லாந்து
4 மே 2025

அன்புள்ள அல்மாஸுக்கு,

ஹஜ்ரத்துக்கு என் சலாம் சொல். அவர் சொன்னது சுட்டது. இரண்டு நாள் உன் மேல்தான் கோபமாக இருந்தேன். நீ கேட்காமலிருந்தால் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். 7 எம்எம்-08. ஒன்பது கிராம், மென்முனை. உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். கடைக்காரன் தமிழ் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, எண்ணை மட்டும் படித்து, "யார் எழுதியது?" என்றான். பதினாறு வயதுப் பெண், இந்தியாவில் இருக்கிறாள் என்றேன். மான் வேட்டையாடுகிறாளா என்றான். இல்லை, என்னை வேட்டையாடுகிறாள் என்றேன்.

இரண்டு வாரம் காகிதத்தில் சுட்டுப் பழகினேன். கிழவர் பக்கத்தில் நின்று பார்த்தார். ஐந்தும் ஒரு சப்பாத்தி அகலத்துக்குள் விழுகிற வரைக்கும் மேட்டுக் கதவைத் திறக்கவில்லை. தோள் கன்றிப்போனது, ஆனால் கண்ணை மூடவில்லை. அது உன் கணக்கு.

மான் இருந்தது. தொடை காய்ந்து சூம்பிப்போயிருந்தது. மற்ற மான்கள் அதை விட்டுவிட்டு மேலே போய்விட்டன. குட்டி மட்டும் கூட இருந்தது, இந்நேரம் தானாக மேய்கிற வயது. சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கிழங்குக் காட்டின் ஓரத்துக்கு வந்தது. நான் தொண்ணூறு மீட்டரில் படுத்திருந்தேன். பக்கவாட்டில் திரும்புகிற வரைக்கும் இருபது நிமிஷம் காத்திருந்தேன். பிஸ்மில்லா சொன்னேன். பழக்கம்.

இரண்டு அடி வைத்தது. மூன்றாவது வைக்கவில்லை.

நான் ஓடவில்லை. நடந்துதான் போனேன். கத்தி இடுப்பில் இருந்தது. ஒரு புல்லைப் பிடுங்கி அதன் கண்ணில் தொட்டுப் பார்த்தேன். இமைக்கவில்லை. கத்தியை எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்ய?

கறியைக் கிழவர் எடுத்துக்கொண்டார். முன்னந்தொடை ஒன்றை எனக்குக் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். என் ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. எனக்கு இது போதும் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனார். சாயங்காலம் ஒரு மூட்டை கிழங்கும் மேட்டுக் கதவுச் சாவியும் வாசலில் இருந்தன.

அக்கா என்னிடம் கேட்கச் சொன்ன கேள்விக்குப் பதில். அந்தத் தொப்பூர் மான் சாகவில்லை. குறைந்தபட்சம் நான் பார்த்தவரைக்கும் சாகவில்லை. முன்னங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. அப்பா என்னை ஓடச் சொன்னார். நான் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா அதன்கிட்டே போய்ச் சேர்வதற்குள் பிடித்துவிட்டார்கள். அப்புறம் அது என்ன ஆனதோ. மார்ச் மாதம் இங்கே இந்த மான் திரும்பிப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. உனக்கு எழுதவில்லை. யாருக்கும் சொன்னதில்லை.

இன்னும் இரண்டு மான் பாக்கி. குளிர் வருவதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.

ஜமீர் மாமு


நல்லம்பள்ளி
20 மே 2025

அன்புள்ள மாமுவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இந்த முறை கோவிந்தன் அண்ணனை வாசலில் மறித்து நான்தான் வாங்கினேன். பிரிப்பதற்குள் அம்மி கையை நீட்டிவிட்டார்.

அவர் இரண்டு முறை படித்தார். தொப்பூர் பற்றிய இடத்தை விரலால் தொட்டுத் தொட்டு மூன்றாவது முறையும் படித்தார். "பதினாலு வயசுல இத உள்ள வெச்சிக்கிட்டு எப்படிடா சோறு தின்ன" என்று உங்களைக் கேட்கிற மாதிரிக் கடிதத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு எழுந்து போய் அப்பாவிடம், "ஜமீரு தோளு கன்னிப் போச்சாம், என்னா எண்ண தேய்க்கறானோ" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

எனக்கு ஒரே ஒரு குறை. இதையெல்லாம் ஜனவரியிலேயே என் ஒரு வரியைக் கேட்டுச் செய்திருக்கலாம். அந்த மான் ஏழு வாரத்துக்கு மேல் நொண்டியிருக்க வேண்டாம். அதை நான் மறக்கப்போவதில்லை. நீங்களும் மறக்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் இத்தோடு விடுகிறேன்.

நான் பிளஸ் டூவுக்கு வந்துவிட்டேன். இயற்பியலில் தொண்ணூற்று நான்கு. உந்தம் மாறா விதி ஐந்து மதிப்பெண் கேள்வியில் வந்தது. உங்கள் .300 மேக்னத்தையே உதாரணமாக எழுதினேன்.

கீழே மீதியிருக்கிற இடத்தை அம்மி கேட்கிறார். கொடுக்கிறேன்.

அல்மாஸ்

ஜமீரு, இன்னும் ரெண்டு மானு இருக்குதாமே. அந்தச் சின்ன குண்டு துப்பாக்கியத் திருப்பிக் குடுத்துட்டியா, இல்ல வூட்லயே வெச்சிருக்கறியா? குடுத்துட்டுப் போன் பண்ணு. எடுக்கறேன்.
ஷரீபுன்னிசா